வைகாசிக் காற்றை ஐப்பசிக்கு ஒட்டினேன்

2002 அக்டோபர் 20 முதல் 2003 ஜனவரி 2 வரை, உடுமலைப்பேட்டைக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஒரு மானாவாரிக் காட்டில், தரையிலிருந்து 50 மீட்டர் உயரத்தில் காற்று என்ன வேகத்தில் வீசியது என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அந்த 75 நாளும் அங்கே கருவி ஓடவில்லை. இருந்தும் அந்த 75 நாளுக்கு, பத்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம், 10,800 வரிகளை நான் கணக்கில் சேர்த்தேன். அதை நம்பி ஒரு பெரியவர் வங்கியில் கடன் வாங்கி இரண்டு காத்தாடி நட்டார். அவர் இன்று இல்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை அவர் இருந்தபோது நான் சொல்லவில்லை. 22 வருடம் கழித்து இங்கே சொல்கிறேன்.

என் தொழில் காற்றை அளப்பது. ஒரு இடத்தில் காற்றாலை நட்டால் வருடத்துக்கு எத்தனை யூனிட் வரும் என்று நடுவதற்கு முன்பே சொல்லவேண்டும். அதற்கு அந்த இடத்தில் மாஸ்ட் என்ற இரும்புக் கம்பத்தை நிறுத்தி, நாலாபக்கமும் ஸ்டே கம்பியால் இழுத்துக் கட்டி, 10, 30, 50 மீட்டர் உயரங்களில் மூன்று கிண்ணம் சுழலும் அனிமோமீட்டரைப் பூட்டுவோம். திசை காட்டும் வால் ஒன்றும் இருக்கும். கீழே பூட்டிய பெட்டிக்குள் லாகர். கிண்ணம் சுற்றுவதை எண்ணி, பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரியை மெமரி கார்டில் எழுதிக்கொண்டே போகும். ஒரு வருடத்துக்கு 52,560 வரிகள். எல்லாப் பருவமும் ஒருமுறை வந்துபோக வேண்டும் என்பதால் ஒரு வருடத்துக்குக் குறைந்த அளவீட்டுக்கு மதிப்பில்லை.

அதிலும் எங்கள் ஊர்ப்பக்கக் காற்றுக்கு வருடக் கணக்கு கட்டாயம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் முட்டி, வழி கிடைத்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. ஆரல்வாய்மொழியிலும் செங்கோட்டையிலும் கம்பத்திலும் இதே கதைதான். வைகாசியில் தொடங்கிப் புரட்டாசிவரை கிண்ணங்கள் ஓய்வதில்லை. அந்த நான்கைந்து மாதத்தைத்தான் எங்கள் தொழிலில் ‘சீசன்’ என்போம். வருட மின்சாரத்தில் பெரும்பங்கு அப்போதே வந்துவிடும். ஐப்பசி பிறந்தால் எல்லாம் அடங்கிவிடும். மேற்குக் காற்று விடைபெற்றுப் போயிருக்கும், வாடை இன்னும் வந்து சேர்ந்திருக்காது. திசை காட்டும் வால் இரண்டு பருவத்துக்கும் நடுவில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். வாடை வந்தாலும் இந்தக் காட்டில் அதற்குப் பெரிய வேகம் கிடையாது.

இது எனக்குப் பாடப்புத்தகத்தில் தெரிந்ததோடு நிற்கவில்லை. மாஸ்ட் நின்ற காட்டுக்குப் பக்கத்துச் சாளையில் ஒரு வயதான அம்மா ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் பூட்டை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து வந்தோம். ஜூலையில் ஒருநாள் கார்டு மாற்றப் போனபோது, காற்றில் பேச்சே கேட்காத அந்த வெயிலில், “ஆத்தா, வருசம் பூராவும் இப்படித்தான் வீசுமா?” என்று கத்திக் கேட்டேன். அவர் சிரித்தார். “ஐப்பசியில காத்துக்கு எங்க கண்ணு போறது? சோளம் தூத்த முறத்தைத் தூக்குனா பதரு காலடியிலயே உழுகும்” என்றார். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. என் களக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவைத்தேன். நீல மையில் எழுதிய அந்தப் பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முதல் தவறு சோம்பல். மாதம் ஒருமுறை கார்டு மாற்றுவது என் பொறுப்பு. அக்டோபர் முதல் வாரம் போய் வந்தேன். அடுத்து அக்டோபர் கடைசியில் போயிருக்கவேண்டும். மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் பாதையில் ஜீப் புதையும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நவம்பர் முதல் வாரம் தீபாவளி. அதன்பின் வேறொரு ஊரில் வேறொரு மாஸ்ட் வேலை. டிசம்பரிலும் ஒருநாள் ஒதுக்கியிருக்க முடியும், ஒதுக்கவில்லை. கார்டில் நான்கு மாதத்துக்கு இடம் இருந்தது, தரவு எங்கே போய்விடப்போகிறது என்ற நினைப்பு. 2003 ஜனவரி 2 அன்று ஒரு வருடம் முடிகிறது, மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அன்றுதான் போனேன்.

பெட்டியைத் திறந்ததும் கரிந்த வாடை வந்தது. லாகரின் சின்னத் திரையில் ஒன்றுமே இல்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், வேறு வயரைச் சொருகிப் பார்த்தேன். கிண்ணத்திலிருந்து இறங்கும் கம்பி நுழைகிற இடத்தில் பலகை கறுத்திருந்தது. “ஐப்பசி பொறந்து மூணாம் நாள் ராத்திரி இந்தப் பக்கம் இடி உழுந்துது கண்ணு. ரோட்டுல போற பையன்கிட்டச் சொல்லியுட்டேன், உங்களுக்கு வந்து சேரலைங்களா?” என்றார் அந்த அம்மா. வந்து சேரவில்லை. நான் போயிருந்தால் பத்து நாளில் தெரிந்திருக்கும். புது லாகர் மாட்டியிருந்தால் பத்து நாள் இடைவெளியோடு போயிருக்கும். அதை எழுபத்தைந்து நாளாக்கியது இடி இல்லை.

கார்டைக் கோவைக்குக் கொண்டுவந்து கணினியில் போட்டேன். கடைசி வரி அக்டோபர் 19 நள்ளிரவோடு முடிந்திருந்தது.

இங்கேயே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். திட்டுவார், அவ்வளவுதான். செய்யவேண்டியதும் ரகசியமில்லை. பதினைந்து கிலோமீட்டருக்குள் இன்னொரு மாஸ்ட் இருந்தது. இரண்டிலும் ஒரே சமயத்தில் பதிவான ஒன்பதரை மாதத் தரவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அங்கே இவ்வளவு என்றால் இங்கே இவ்வளவு என்ற உறவைத் திசைவாரியாகக் கண்டுபிடித்து, விட்டுப்போன நாட்களை அதிலிருந்து மதிப்பிடலாம். அப்படி மதிப்பிட்டது என்று அறிக்கையிலேயே எழுதி, அதனால் வரும் ஐயத்தையும் சதவீதத்தில் சொல்லிவிடவேண்டும். அந்தத் தரவைக் கேட்டு வாங்கி வேலையை முடிக்க இரண்டு வாரம் ஆகும். அல்லது அடுத்த ஐப்பசிவரை பொறுங்கள் என்று சொல்லவேண்டும்.

பொறுக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூல் மில் வைத்திருந்த அந்தப் பெரியவருக்குச் செப்டம்பருக்குள் காத்தாடி ஓடவேண்டும். ஒரு நிதியாண்டில் 180 நாளாவது ஓடினால்தான் அந்த ஆண்டுக்கான தேய்மானக் கழிவு முழுதாகக் கிடைக்கும். நாள் குறைந்தால் பாதிதான். பஞ்சுக்கு அடுத்தபடி மில்லைத் தின்பது கரண்ட் பில். சொந்தக் காத்தாடியில் வருவதைத் தன் மில்லுக்கே எடுத்துக்கொள்ளலாம். சீசனில் மிஞ்சியதை மின்வாரியத்தின் கணக்கில் சேர்த்துவைத்துப் பிற்பாடு எடுத்துக்கொள்ளும் வசதியும் அப்போது இருந்தது. அவருடைய அவசரம் நியாயமானது. என்னுடைய அவசரம் வேறு. லாகர் எரிந்ததைச் சொன்னால் ஏறத்தாழ மூன்று மாதம் நான் களத்துக்குப் போகாததும் வெளியே வரும். அதை மறைக்கத்தான் எல்லாம்.

அன்று இரவு எல்லாரும் போனபிறகு உட்கார்ந்தேன். ஏப்ரல் 1 முதல் ஜூன் 14 வரை எண்ணிப் பார்த்தால் சரியாக 75 நாள். பருவக்காற்று உள்ளே வரும் காலம் அது. அக்டோபர் வெளியே போகும் காலம். வருவதைத் திருப்பிப் போட்டால் போவதுதானே என்று ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த 10,800 வரிகளையும் நாள்வாரியாகத் தலைகீழாக அடுக்கினேன். ஜூன் 14 அக்டோபர் 20 ஆயிற்று. ஏப்ரல் 1 ஜனவரி 2 ஆயிற்று. தேதி நிரலை மாற்றினேன். திசை நிரலிலும் கைவைத்தேன், நவம்பரில் மேற்குக் காற்று இருந்தால் பார்ப்பவர் கேட்பார் என்று. மாதச் சராசரி எடுத்துப் பார்த்தபோது செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று படி இறங்குவதுபோல அழகாக இறங்கியது. அந்த அழகைப் பார்த்து அன்றிரவு எனக்கு நிம்மதி வந்தது. இன்று எழுதும்போது எனக்கு மிகவும் கூசுவது அந்த நிம்மதிதான்.

மற்றதிலெல்லாம் நான் சுத்தமாக இருந்தேன். மாஸ்ட்டின் நிழலில் கிண்ணம் சிக்கும் திசையை நீக்கினேன். உயரம் கூடும்போது வேகம் எவ்வளவு கூடும் என்பதற்குப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் ஏழில் ஒன்று என்ற அடுக்கைப் போடாமல், 30-க்கும் 50-க்கும் நடுவே அளந்த வேறுபாட்டிலிருந்து எடுத்தேன். வெயில் பூமியில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதையும் கணக்கில் கொண்டேன். இத்தனை ஒழுங்கும் அந்த 75 நாளுக்குப் போர்வையாயிற்று. அறிக்கையில் ‘தரவு கிடைத்த விகிதம்’ என்று ஒரு வரி வரும். உண்மையில் அது 80 சதவீதத்துக்கும் கீழே. பொய் எண்ணைப் போடக் கை வரவில்லை, அதனால் அந்த வரியையே எடுத்துவிட்டேன். மேலதிகாரி, “வருசம் முழுசா இருக்கா?” என்று கேட்டார். “இருக்கு சார்” என்றேன்.

அறிக்கையில் நான் கொடுத்த ஆண்டுச் சராசரி வேகம் வினாடிக்கு 6.6 மீட்டர். பின்னாளில், 2004-ல், பக்கத்து மாஸ்ட்டின் தரவைத் தனியாக வாங்கி வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காகப் போட்டுப் பார்த்தபோது வந்தது 6.1. அரை மீட்டர்தானே என்று வெளியாள் கேட்கலாம். காற்றில் அரை மீட்டர் சின்ன விஷயமில்லை. காற்றின் ஆற்றல் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. 6.6 என்பதை 6.1 ஆக்கினால் காற்றில் இருக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. மின்சாரத்தில் அப்படியே ஐந்தில் ஒன்று குறையாது. பலத்த காற்றில் இயந்திரம் தன் முழுத் திறனை எட்டி அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடும், மெல்லிய காற்றில் தொடங்கவே தொடங்காது. அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் பொய்யின் விலை ஆறில் ஒரு பங்கு மின்சாரம். அவர் நட்டவை 600 கிலோவாட் இயந்திரங்கள். ஒன்றுக்கு வருடம் 14 லட்சம் யூனிட் என்று எழுதியிருந்தேன். 12 லட்சத்துக்குச் சற்றுக் கீழேதான் எழுதியிருக்கவேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நாலரை லட்சம் யூனிட்டுக்கு ஒட்டிய துண்டு. யூனிட் மூன்றரை ரூபாய் என்று வைத்தாலே வருடத்துக்குப் பதினைந்து லட்சம் ரூபாய். கடன் தவணை 14 லட்சம் யூனிட்டுக்குத் தகுந்தபடிதான் போடப்பட்டிருந்தது.

காத்தாடி 2003 செப்டம்பரில் சுற்றத் தொடங்கியது. பூசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். இறக்கை சுற்றத் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நம்ம காட்டுல இத்தன காலம் சும்மா போன காத்துங்க இது” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு முழு வருடம் ஓடி முடிந்தபின் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நாலாக மடித்த தாள். மாதவாரி யூனிட் எழுதியிருந்தார். “ஏனுங்க தம்பி, உங்க கணக்குக்கும் வந்ததுக்கும் கொஞ்சம் இடிக்குதுங்களே. எங்காவது நாங்கதான் தப்புப் பண்றமா?” என்று கேட்டார். தப்பு தன் பக்கம் இருக்குமோ என்றுதான் கேட்டார். என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை.

6.1 என்று கண்டுபிடித்த தாள் அப்போது என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. “சீசன்ல லைன் தாங்காம அப்பப்ப மிஷினை நிறுத்தச் சொல்றாங்களே அய்யா, அதுல போயிருக்கும். இந்த வருசம் காத்தும் கொஞ்சம் மட்டம்” என்றேன். லைன் பிரச்சினை உண்மையில் இருந்தது. சீசன் உச்சத்தில் வருகிற மின்சாரத்தை எடுத்துச் செல்லக் கம்பிகள் போதாமல் இயந்திரங்களை நிறுத்துவது அப்போது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பழகிய விஷயம். அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு எளிதாக நின்றது. ஆனால் லைன் போவது ஆனி, ஆடியில். அவர் தாளில் துண்டு விழுந்தது ஐப்பசி, கார்த்திகையில். அதை நான் ஒரே பார்வையில் பார்த்துவிட்டேன். அவர் தாளை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “சரிங்க தம்பி, காத்துக்கு நாம என்ன பண்ணமுடியும்” என்று எழுந்தார்.

எண்ணை ஒட்டியது ஒரு இரவின் கோழைத்தனம். இது அப்படியில்லை. பதில் தெரிந்துகொண்டே, கேட்ட மனிதரைக் கண்ணெதிரே திருப்பி அனுப்பினேன். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

2007-ல் அவர் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் பாசனத்தில் இருந்த நான்கு ஏக்கர் தென்னந்தோப்பை விற்றார். தவணைக்காக என்று வேறொருவர் மூலம் கேள்விப்பட்டேன். மில் தொழிலில் அந்தச் சமயத்தில் வேறு நெருக்கடிகளும் இருந்தன. முழுக்க என்னால் என்று சொல்லமுடியாது. முழுக்க என்னால் இல்லை என்று சொல்லி ஒதுங்கவும் எனக்கு உரிமையில்லை. அந்தத் தோப்பிலிருந்து ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு சாக்குத் தேங்காய் அனுப்புவார். தோப்பு விற்றபிறகும் அனுப்பினார். எங்கிருந்து வாங்கி அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை.

அந்த நாட்களில் என்னைத் தேற்றிக்கொள்ள ஒரு வாதம் வைத்திருந்தேன். காற்று வளம் என்பதே நிலையான எண் இல்லை என்பது அது. 2010-ல் வந்த இந்தியக் காற்று வரைபடம் 50 மீட்டர் உயரத்தில் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 49,000 மெகாவாட் என்றது. அதே வரைபடம் 80 மீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேல் என்றது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் பிந்தைய மதிப்பீடுகளில் 100 மீட்டரில் 302 ஜிகாவாட், 120 மீட்டரில் 695, 150 மீட்டரில் 1,163. தமிழ்நாட்டுக்கு மட்டும் 100 மீட்டரில் 33.8, 120 மீட்டரில் 68.75. பெரிய நிறுவனங்களின் எண்ணே இப்படி மாறும்போது என் அரை மீட்டர் எம்மாத்திரம் என்று நினைத்துக்கொள்வேன். அது அழுகிய வாதம். அந்த எண்கள் ஒவ்வொன்றும் எந்த உயரத்தில், எந்த மாதிரி நிலத்தை எவ்வளவு எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு என்பதைச் சொல்லிக்கொண்டே வருகின்றன. கேள்வி மாறியதால் விடை மாறியது. யாரும் எதையும் ஒளிக்கவில்லை. என் 6.6 எதைச் சாப்பிட்டு அவ்வளவு கொழுத்தது என்பதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் அலுவலக அலமாரியில் அன்னா மணி தொகுத்த காற்றுத் தரவுத் தொகுதிகள் இருந்தன. பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர், சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர், வானிலைத் துறையில் கிட்டத்தட்ட நூறு கருவிகளுக்கு வரைபடங்களை நெறிப்படுத்தி நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு நாட்டின் காற்றை அளக்கும் வேலையைத் தோளில் போட்டுக்கொண்டார். காற்று எங்கே வீசுகிறது என்று இந்தியாவில் ஒருவர் விரல்நீட்டிச் சொல்லமுடிந்தால் அதற்கு அடியில் அவருடைய உழைப்பு இருக்கிறது. தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பது மேல் என்பது அவர் கொள்கை. 2001-ல்தான் இறந்தார், நான் அந்த 10,800 வரிகளை ஒட்டியபோது அவர் இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்தத் தொகுதிகளின் பச்சை அட்டை கணினியிலிருந்து எழுந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அன்றிரவு நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப்பின் நான் எந்த அறிக்கையிலும் இடைவெளியை மறைத்ததில்லை. விட்டுப்போன நாளை விட்டுப்போனது என்றே எழுதுகிறேன். என்னிடம் பழகும் பிள்ளைகள் மாதத்தில் ஒருநாள் களத்துக்குப் போகத் தவறினால் கடுமையாகப் பேசிவிடுகிறேன். அவர்களுக்குக் காரணம் தெரியாது. இதெல்லாம் அந்த நாலரை லட்சம் யூனிட்டில் ஒன்றைக்கூடத் திருப்பித் தராது என்பது எனக்குத் தெரியும்.

பெரியவர் 2016 தை மாதம் இறந்தார். எழவுக்குப் போனேன். மகன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அங்கேயே சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது. சாவு வீட்டில் பேசுகிற பேச்சா என்று அதையும் ஒரு சாக்காக எடுத்துக்கொண்டேன்.

2024-ல் பழைய காற்றாலைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை நடுவதற்குத் தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. இருபது வருடம் கண்ட சின்ன இயந்திரங்கள் நிற்கும் இடங்களில்தான் நல்ல காற்று இருக்கிறது, அங்கே உயரமான பெரிய இயந்திரம் நின்றால் பல மடங்கு மின்சாரம் வரும் என்பது அதன் அடிப்படை. மகனும் அந்த யோசனையில் இருந்தார். அதற்கடுத்த வருடம் சித்திரையில் கூப்பிட்டார். “அங்கிள், அப்பா காலத்து மாஸ்ட் டேட்டா உங்ககிட்ட இருக்குமுங்களா? புது கன்சல்டன்ட் ராவா வேணும்கிறாரு” என்றார்.

என்னிடம் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒட்டியது ஒன்று, ஒட்டாதது ஒன்று. ஒட்டாததை அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதவில்லை. அவர் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். அதிலும் ஒரு கோழைத்தனம் இருந்தது என்பதை இப்போது உணர்கிறேன்.

இரண்டு நாளில் மறுபடி அழைத்தார். “அங்கிள், இதுல அக்டோபர் பத்தொம்பதோட நின்னுருதுங்களே. ஆனா ரிப்போர்ட்ல டிசம்பர் வரைக்கும் இருக்குதே?”

சொன்னேன். மழை, தீபாவளி, கரிந்த வாடை, ஏப்ரல், ஜூன், தலைகீழாக அடுக்கியது, மேலதிகாரியிடம் சொன்ன ‘இருக்கு சார்’, இழுப்பறையில் இருந்த தாள், அவர் அப்பாவிடம் சொன்ன லைன் கதை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதியில் குரல் போய்விட்டது. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும், “அப்பாவுக்குத் தெரியுமுங்களா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். “சரிங்க அங்கிள்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வாட்ஸப்பில் பதினான்கு படங்கள் வந்தன. மேலும் கீழும் எழுத்து எதுவும் இல்லை. மில் அலுவலகத்து நீளக் கணக்கு நோட்டின் பக்கங்கள், பெரியவரின் கையெழுத்து. வருடத்துக்கு ஒரு பக்கம். இடதுபக்க நிரலில் மாதம், அடுத்ததில் என் அறிக்கை சொன்ன யூனிட், அதற்கடுத்து வந்த யூனிட். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டு எண்ணும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. அக்டோபரிலும் நவம்பரிலும் எந்த வருடமும் தொடவில்லை. அந்த இரண்டு மாதத்தையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார். முதல் பக்கம் நான்கே மாதம் ஓடிய 2003. அதிலும் இரண்டு வட்டம். 2004-ஆம் வருடப் பக்கத்தில் வட்டத்துக்கு அருகே ‘தம்பியைக் கேக்கணும்’ என்று எழுதியிருக்கிறார். அதை எழுதியபிறகுதான் நாலாக மடித்த தாளோடு வந்திருக்கவேண்டும்.

2005-லிருந்து எழுத்து இல்லை. வட்டம் மட்டும் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும், அதே இரண்டு மாதத்துக்கு. 2015-ஆம் வருடப் பக்கத்தில் நவம்பரைச் சுற்றிய கோடு நடுங்கி, முழுதாகச் சேராமல் நிற்கிறது. பதினான்காவது படம் 2016. அறிக்கையின் நிரலை முன்கூட்டியே டிசம்பர்வரை எழுதிவைத்திருக்கிறார். பக்கத்து நிரல் காலியாக இருக்கிறது.